அழைத்துச் சென்ற நபர்

நாற்பது வயதாம். அதுவும் ‘சுமார் நாற்பது’. தனசீலனுக்கு வருகிற ஆவணியில்தான் முப்பத்தெட்டு முடிகிறது, அதையாவது ஒழுங்காகப் போட்டுத் தொலைத்திருக்கலாம். துறையூரிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், தூங்கும் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, அவன் அந்தச் செய்தியை மூன்றாம் முறையாகப் படித்தான். கொஞ்சம் முன்னால், மணி நாலேகால் இருக்கும், பேருந்தில் இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. பைக்குள் இருந்தது, இடுப்பில் செருகியிருந்தது, டிரைவருக்கு முன்னால் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது, எல்லாம். குழந்தை காணாமல் போனால் அந்த வட்டாரத்து போன்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் சங்கு ஊதுகிற அரசாங்கத் திட்டம். ‘எச்சரிக்கை. குழந்தை காணவில்லை. பெயர் தன்விகா. பெண். வயது நாலரை. மஞ்சள் கட்டம் போட்ட பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை. இடது காதின் பின்புறம் மச்சம். அழைத்துச் சென்ற நபர்: ஆண், சுமார் 40 வயது, சந்தன நிறச் சட்டை. குழந்தைக்கு வலிப்பு நோய் மருந்து மாலை 6 மணிக்குத் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். தகவல் தெரிந்தால் 1098.’ தன்விகா இதோ மடியில் இருக்கிறாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், எச்சில் அவன் சட்டைக் கையில் ஊறிக்கொண்டிருக்கிறது. இவளைக் காணவில்லையாம். யாருக்குக் காணவில்லை? பெற்றவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறானே, அது கணக்கில் சேராதா?

நபர் என்று போட்டிருக்கிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. தகப்பன் என்று ஒரு வார்த்தை போட்டால் கைவலித்துப் போய்விடுமா? பள்ளிக்கூடத்தில் அவன் ஒளிந்தா வந்தான்? இரண்டரை மணிக்கு வாசலில் போய் நின்றான், ஆயா உள்ளே போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தாள், பிள்ளை “கடையப்பா!” என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அவன் மனைவி வசுமதி தன் அப்பாவை அப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இதுவும் தாத்தாவை அப்பா என்கிறது, பெற்றவனுக்குக் கடை வைத்திருக்கிற அப்பா என்று பெயர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆயா ஒரு நோட்டை நீட்டினாள், குழந்தையைக் கூட்டிப் போகிறவர் பெயர், உறவு, கையெழுத்து என்று கோடு போட்ட நோட்டு, அதுவும் கடத்தல் தடுப்புக்காக மேலே இருந்து வந்த உத்தரவுதான். அவன் தன் முழுப் பெயரை எழுதினான், உறவு என்ற இடத்தில் தந்தை என்று எழுதினான், நேரம்கூட எழுதினான். எந்தக் கடத்தல்காரனாவது நேரம் எழுதுவானா? நோட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு ஆளுக்குத் துப்பில்லை, நாலு மாவட்டத்துக்குச் சங்கு மட்டும் ஊதத் தெரிகிறது. இதில் வேடிக்கை, இந்தத் திட்டத்தின் தொடக்க விழாவுக்கு பேனர் அடித்துக் கொடுத்தவனே அவன்தான். சேலம் அம்மாபேட்டையில் ஃபிளெக்ஸ் கடை. நூற்றிருபது பேனர், எட்டுக்குப் பத்து. மிட்டாயை நீட்டுகிற ஆள் படம் ஒன்று வைத்தான். மீசை வேண்டாம், மீசைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார் அதிகாரி. மீசையை எடுத்தான். லுங்கி வேண்டாம் என்றார், லுங்கியையும் எடுத்தான். கடைசியில் முகமும் கிடையாது துணியும் கிடையாது, ஒரு கறுப்பு நிழல் மட்டும் நின்றது. இது யாருக்கும் வருத்தம் தராது என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

சங்கு ஊதியதே, ஒருத்தராவது நிமிர்ந்து பார்த்தார்களா? அதுதான் இன்னும் எரிச்சல். மஞ்சள் கட்டம் போட்ட சீருடையோடு, இரட்டைச் சடையோடு, ஒரு பிள்ளை சந்தனச் சட்டைக்காரன் மடியில் நட்ட நடுப் பேருந்தில் கிடக்கிறது. முன் சீட்டுக் கல்லூரிப் பையன் காதிலிருந்ததைப் பிடுங்கி, சத்தம் வந்ததற்காக போனைத் திட்டி, விரலால் தள்ளிவிட்டு மறுபடி பாட்டுக்குப் போய்விட்டான். கண்டக்டர் “கரண்ட் ஆபீஸ் மெசேஜா?” என்று யாரையோ கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விசிலடித்தார். நான் நிஜமாகவே கடத்தல்காரனாக இருந்தால் இந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டான் தனசீலன். அப்போதுதான் பக்கத்துச் சீட்டு அம்மாள், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலும் சுருக்குப் பையுமாக உட்கார்ந்திருந்தவள், தன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “தம்பி, கண்ணாடி கொண்டார மறந்துட்டேன். என்னமோ கூப்பாடு போட்டுச்சே, என்ன போட்டிருக்கான் பாரு.” அவன் போனை வாங்கிப் பார்த்தான். அதே செய்தி, அதே நாற்பது வயது. “மழை வருமாம்மா,” என்றான். வாய் கூசவே இல்லை. “இடி மின்னலோட வரும், ஜாக்கிரதையா இருங்கன்னு போட்டிருக்கான்.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஒரு துண்டு மேகம் கிடையாது. அந்த அம்மாள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அரசாங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டாள். “ஐயையோ, மொட்டை மாடி பூரா மொளகாய் காயப் போட்டிருக்கேனே!” மருமகளுக்கு போன் போட்டாள். மருமகள் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். நாலாவது தடவை எடுத்த மருமகளிடம், அள்ளு, தார்ப்பாயைப் போடு, எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல அள்ளு என்று பேருந்தே கேட்கக் கத்தினாள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் இந்த வெயிலில் படியேறிப் போய் மிளகாய் அள்ளிக்கொண்டிருப்பாள், மூக்கில் நெடி ஏறித் தும்மிக்கொண்டே, மாமியாரைத் திட்டிக்கொண்டே. அதற்குக் காரணம் அவன். ஒரு பொய்யைச் சொன்னால் அது எங்கெங்கே போய் யாரை மாடியேற வைக்கிறது. வசுமதியும் இப்படித்தான், அவன் ஒன்று சொன்னால் நம்பி ஓடுவாள், ஆரம்பத்தில். பிறகு நம்புவதை விட்டாள். பத்து மாதம் முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள், அப்போது மட்டும் எந்த போனும் ஊளையிடவில்லை! அம்மா தூக்கிப் போனால் பிறந்த வீடு, அப்பா தூக்கி வந்தால் கடத்தலா? அவன் கை ஓங்கினான், ஒத்துக்கொள்கிறான். ஓங்கினானே தவிர அடிக்கவில்லை. ஒரு தடவைதான் பட்டது. சரி, இரண்டு தடவை. இரண்டாவது தடவை பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அது அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஓங்கியிருக்க மாட்டான். மகளிர் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசினார்கள். பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள் என்றார்கள், எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். போனான், ஏழெட்டு ஞாயிறு. மாமனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, மணி பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கிற நேரம் மாதிரி. ரோஷம் உள்ள எவன் போவான்? நின்றுவிட்டான். இன்றைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை ஒரு தகப்பனுக்கு ஆசை வரக்கூடாதா?

போன் மறுபடி துடித்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் எவனோ செய்தியைப் படத்தோடு போட்டிருந்தான். கீழே இரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள், ஒருத்தன் ‘கண்டிப்பா ஷேர் பண்ணுங்க நண்பர்களே’ என்று எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த தனசீலனுக்குப் பொறுமை சுத்தமாகப் போய்விட்டது. எவன் வெட்டியது இதை? போன வருஷப் பிறந்தநாளுக்கு எடுத்த படம், பிள்ளை நடுவில், அவன் இந்தப் பக்கம், வசுமதி அந்தப் பக்கம். வசுமதியை ஒழுங்காக வெட்டியிருக்கிறான். அவனை வெட்டத் தெரியாமல் வெட்டியதில், பிள்ளையின் தோளில் நாலு விரல் மட்டும் மிச்சம் நிற்கிறது. கல் மோதிரம்கூடத் தெரிகிறது. கடையில் வேலைக்கு இருக்கிறவன் இப்படி வெட்டிக் கொடுத்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பான். இரண்டு நிமிட வேலை, தோளை வளைத்து எடுத்துப் பின்னால் ஒரு நீலத்தைப் போட்டால் முடிந்தது. முகம் இல்லாமல், உடம்பு இல்லாமல், யாரோ ஒருத்தனுடைய விரல் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நாலு மாவட்டமும் அதைத்தான் பார்க்கிறது. அவன் போனைப் பிடித்திருந்த கையைத் தொடைக்குக் கீழே இறக்கிக்கொண்டான்.

மச்சம் வேறு. இடது காதுக்குப் பின்னால் மச்சமாம். பள்ளிக்கூடத்தில் அங்க அடையாளம் இரண்டு கேட்பார்கள், கிடைக்காவிட்டால் வாய்க்கு வந்ததை எழுதுவார்கள், அவனுக்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இல்லாத தழும்பு ஒன்று இருக்கிறது. பிள்ளையின் தலையை மெதுவாகத் திருப்பி, சடையை ஒதுக்கிப் பார்த்தான். இருந்தது. கடுகளவு, காது மடலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு. நாலரை வருஷமாக இருந்திருக்கிறது. சரி, மச்சம் இருக்கிறது, அதனால் என்ன, எந்த ஆம்பளை பிள்ளையின் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்த வலிப்பு, அது பொய். சும்மா காணவில்லை என்றால் எவனும் கண்டுகொள்ள மாட்டான் என்று வசுமதி சேர்த்துச் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. இவளுக்கு ஏது வலிப்பு? காய்ச்சல் வரும், சளி பிடிக்கும், மண் தின்பாள், வலிப்பெல்லாம் கிடையாது. இருந்தால் எனக்குத் தெரியாதா என்று நினைத்த இடத்தில் நினைப்பு சிக்கிக்கொண்டது. நாலு மாதம் முன்னால் ஒரு காலை, எழுந்து பார்த்தால் பதினோரு மிஸ்டு கால், எல்லாம் வசுமதி. மாமனார் ஏதாவது தூண்டிவிட்டிருப்பார், சண்டைக்குத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தான். திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் மூன்று தடவை வந்தது. தொல்லை விட்டது என்று சிம்மையே மாற்றிப் போட்டான். சண்டை போடுகிறவள் பதினோரு தடவையா கூப்பிடுவாள்? வசுமதி கோபம் வந்தால் கூப்பிடவே மாட்டாளே, வாரக்கணக்கில் பேசாமல் இருக்கிறவள் ஆயிற்றே. இது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மடியில் பிள்ளையின் கை ஒரு வெட்டு வெட்டியது. பேருந்து பள்ளத்தில் இறங்கியதாலா? அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான். ரோடு சமமாக ஓடுகிற இடத்திலும் பார்த்தான். கை அசையவில்லை. அசையாததும் பயமாக இருந்தது.

பள்ளிப் பை காலடியில் இருந்தது. பிள்ளை விழித்துவிடாமல் ஒரு கையால் ஜிப்பைத் திறந்தான். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மூடியில்லாத ஸ்கெட்ச் பேனா, ஒரு பொம்மையின் ஒற்றைக் கால். முன் அறையில் லேமினேட் செய்த ஒரு அட்டை. வசுமதியின் கையெழுத்து, வட்ட வட்டமாக, பள்ளிக்கூடப் பெண் எழுதுகிற மாதிரி. ‘என் பெயர் தன்விகா. எனக்குச் சில சமயம் வலிப்பு வரும். பயப்பட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள், கையில் சாவி கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.’ கீழே மூன்று போன் நம்பர். அம்மா. தாத்தா. அப்பா. அப்பா என்று போட்டு எதிரில் இருந்தது அவன் தூக்கி எறிந்த நம்பர். அட்டையின் ஓரத்தில் காற்றுக்குமிழ் விழுந்திருந்தது, சூடு சரியாக ஏறாமல் லேமினேட் செய்தால் அப்படித்தான் ஆகும், துறையூரில் எவனோ அரைகுறை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் நன்றாகப் போட்டுத் தந்திருப்பேனே என்று முதலில் தோன்றியது. சொல்லத்தான் பதினோரு தடவை கூப்பிட்டாள் என்பது அப்புறம்தான் தோன்றியது. அவனுக்கு அவள்மேல் கோபம் வந்தது, அரசாங்கத்தின்மேல் வந்தது, குமிழ் விட்ட அட்டைமேல் வந்தது. எல்லாக் கோபமும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பத் திரும்ப அவனிடமே வந்து நின்றது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. “பாப்பாவுக்கு மேலுக்கு முடியலையா தம்பி?” என்றாள் பக்கத்து அம்மாள். “தூக்கம்மா, தூக்கம்தான்,” என்றான். மணி நாலு ஐம்பது.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஐந்தே கால். சேலம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறினால் ஏழு மணிக்குள் அக்கா வீடு, வருகிற திங்கட்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது என்றுதான் திட்டம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாள். பிள்ளை விழித்துக்கொண்டு பன் கேட்டது, வாங்கிக் கொடுத்தான். எதிரில் மருந்துக் கடை. “வலிப்பு மருந்து, சின்னப் பிள்ளைக்கு,” என்றான். கடைக்காரர் கையை நீட்டினார், “சீட்டு?” சீட்டு இல்லை. “மருந்து பேராவது?” தெரியாது. “எந்த டாக்டர்?” தெரியாது. “பிள்ளை எத்தனை கிலோ?” தனசீலன் பிள்ளையைப் பார்த்தான், மளிகைக் கடையில் மூட்டையைப் பார்க்கிற மாதிரி ஒரு திணறலோடு பார்த்தான். “பதினஞ்சு… இருக்கும்.” கடைக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “நீங்க அவங்கம்மாவக் கேட்டு வாங்க சார். இதெல்லாம் குத்துமதிப்பா குடுக்கிற மருந்து இல்ல.” சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நகர்ந்தது. அது வளைவு திரும்பி மறைகிறவரை பார்த்துவிட்டு அவன் 1098-ஐ அழுத்தினான்.

“வணக்கம், குழந்தைகள் உதவி மையம், சொல்லுங்க.” சின்னப் பெண் குரல். “அந்தத் துறையூர்க் குழந்தை,” என்றான். “பாத்தீங்களா சார்? எங்க இருக்கீங்க? குழந்தைகிட்ட நேராப் போயிடாதீங்க, கூட இருக்கிற ஆள் உஷாராயிடுவாரு. தள்ளி நின்னு—” “மருந்து பேரு என்னங்க?” “சார்?” “ஆறு மணிக்குக் குடுக்கணும்னு போட்டிருக்கீங்க. என்ன மருந்துன்னு போடல. எத்தனை மில்லின்னு போடல. அரைகுறையாப் போட்டா வெச்சிருக்கிறவன் என்னத்தக் குடுப்பான்? யோசிக்க மாட்டீங்களா?” கத்திவிட்டான். பன் தின்றுகொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தது, கதவோரம் நின்று பார்த்த அதே பார்வை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். போனில் அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள். “குழந்தை இப்ப உங்ககிட்டதான் இருக்காளா சார்?” “இருக்கா.” “முழிச்சிருக்காளா?” “நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல பன்னு திங்கிறா.” “சரி சார். தயவுசெஞ்சு எங்கயும் போயிடாதீங்க.” “போறதா இருந்தா எதுக்குங்க கூப்பிடப் போறேன்?” என்றான். இதுகூடத் தெரியாதவர்களை எல்லாம் எதற்கு வேலைக்கு வைக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டான்.

கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. இறங்கிய பெண் போலீஸ், சட்டையில் ரெஜினா என்று இருந்தது, பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் போனுக்கு மருந்துச் சீட்டின் படம் வந்தது, கூட வந்த கான்ஸ்டபிள் அதைக் காட்டி மருந்தும் ஊசியில்லாத சிரிஞ்சும் வாங்கி வந்தார். “ஒரு போனப் போட்டு, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருந்தா என்னய்யா குறைஞ்சு போயிருக்கும்?” என்றாள் ரெஜினா, எரிச்சலாக, வீட்டு ஆளைக் கேட்கிற மாதிரி. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டாள். வசுமதி. வண்டியில் வந்துகொண்டிருந்தாள், காற்று இரைந்தது. அவன் திட்டுக்காகக் காத்திருந்தான், பதிலுக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தான், நோட்டில் கையெழுத்து, நாற்பது வயது, நாற்காலி, எல்லாம். “நாலு மில்லி,” என்றாள் வசுமதி. “உக்கார வெச்சுக் குடுங்க. கன்னத்து ஓரமா விடுங்க. நான் வரதுக்குள்ள ஆறு தாண்டிரும், நீங்களே குடுத்துருங்க.” அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது.

பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்து, எதிரில் குந்தினான். நாலாவது கோடு வரை இழுத்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், கொஞ்சம் அதிகமாகத் தெரியவும் ஒரு சொட்டைத் திரும்பத் தள்ளினான். பிள்ளைக்கு எந்தப் பதற்றமும் இல்லை. அவன் சொல்வதற்கு முன்பே தலையைச் சாய்த்து வாயைத் திறந்து கன்னத்தைக் காட்டியது. விழுங்கியது. முகம் சுருங்கியது. “கசக்குதா?” “ம். கசப்புப் போக பத்து எண்ணணும். அப்புறம்தான் தண்ணி. நீ எண்ணு,” என்று சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. பின்னால் ரெஜினா, “சட்டுனு முடிங்க, ஏத்திட்டுக் கெளம்பணும்,” என்றாள். பிள்ளை முன் சீட்டில் அவளோடு, அவன் பின்னால் கான்ஸ்டபிளோடு என்று முன்பே சொல்லியிருந்தாள். அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு என்று சொல்லச் சொல்ல பிள்ளை ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டு வந்தது. எட்டு என்றான். அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. பத்து வந்தால் தண்ணீர், தண்ணீர் குடித்தால் ஜீப். பிள்ளை அவன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது, கண்ணில் கசப்பில் நீர் கோத்திருந்தது. அவன் பேசாமலே இருக்கவும், ஒன்பதாவது விரலைத் தானே நீட்டியது, பத்தாவதையும் நீட்டியது, எழுந்து போய் ரெஜினாவிடம் தண்ணீர் கேட்டது.